என் கால்களைப் பற்றிப் பேசப் போனவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ரொறன்ரோ உதைபந்தாட்டக் கிளப்பின் அலுவலக அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். இந்தப் பக்கம் என் மாமா, அப்பாவின் ஊரவர்கள் நடத்துகிற கழகத்தின் செயலாளர், அதே கழகத்தின் பொருளாளர். மூவரும் கோட் போட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கிளப்பின் இயக்குநரும், மடிக்கணினியோடு ஓர் இளம் பெண்ணும். நடுவில் அலுமினியத் தாள் போட்டு மூடிய ஒரு பெரிய தட்டு.

இல்லாதவர்களையும் சொல்ல வேண்டும். என் அப்பா இல்லை. அவர் நோர்வேயின் வடக்கே, மீன் தொழிற்சாலையில் வேலையில் நின்றார். என்னை அணிக்கு எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே மனிதரான பயிற்றுநர் இல்லை. அவர் வெளியே மைதானத்தில் விசிலோடு நின்றார். நானும் இல்லை. அந்த அறை யன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியக்கூடிய தூரத்தில், பந்து வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். உள்ளே நடந்த பேச்சு என் கால்களைப் பற்றியது.

சம்பந்தம் பேசுகிற இடங்களிலும் இப்படித்தான் என்று மாமி பின்பு ஒருநாள் சொன்னார். கட்டப் போகிறதுகள் அந்தக் கதையில் இருக்காதுகள்.

நான் நோர்வேயில் பிறந்தவன். எங்கள் சிறு நகரத்தில் ஒரு துறைமுகம், ஒரு தேவாலயம், ஒரு மீன் தொழிற்சாலை, ஓர் உதைபந்தாட்ட மைதானம். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா எட்டு வரை போனவர். இரண்டு பேரும் தொழிற்சாலையில் அடுத்தடுத்த மேசைகளில் நின்று மீன் துண்டாடினார்கள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்பில், பந்து விளையாடிய கையோடு சேற்றுச் சப்பாத்துடன் போய் உட்கார்ந்து, எழுதப் பழகினேன். இதையும் நானேதான் எழுதுகிறேன்.

நடுவில் விளையாடுகிறவன் நான். கோல் அடிப்பதும் தடுப்பதும் என் வேலையல்ல. பின்னால் இருப்பவர்களிடம் வாங்கி முன்னால் இருப்பவர்களிடம் கொடுப்பது. எங்கள் ஊர்ப் பயிற்றுநர் முதலில் கற்றுத் தந்தது பந்தை உதைக்க அல்ல, திரும்பிப் பார்க்க. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே ஒரு தோளுக்கு மேலால் ஒருதரம், மற்றத் தோளுக்கு மேலால் ஒருதரம் பார்த்துவிட வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் பந்தைத் தொட வேண்டும். இன்றைக்கும் சுப்பர் மார்க்கெற் வரிசையில் நின்றாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர்கள் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பதினேழு வயதில் பக்கத்துப் பெரிய நகரத்துக் கழகம் என்னை எடுத்தது. நாட்டின் இரண்டாம் தரப் போட்டிகளில் விளையாடிய கழகம். ஆட்டம் முடியப் போகிற நேரங்களில் மாற்று ஆளாக இறங்குவேன். ஒருமுறை முழு ஆட்டமும் விளையாடினேன். மழை, பார்க்க ஆட்கள் குறைவு, ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையில் என் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள். இரண்டு பருவம் முடிய, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கண் நல்லது, வேகம் காணாது என்றார்கள்.

அப்பா அன்றைக்கு அதிகம் கதைக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“ஒரு வருசம் தாறன். அதுக்குள்ளை ஆரும் எடுத்தால் விளையாடு. எடுக்காட்டி ஆசிரியர் கல்லூரி. சரியோ?”

“ஓம் அப்பா.”

“பிறகு கதை மாத்தப்படாது.”

அந்த வருடத்தில் ஏழு மாதம் போன பிறகுதான் ரொறன்ரோ வந்தது. என் பழைய பயிற்றுநரும் அங்குள்ள கிளப்பின் பயிற்றுநரும் ஒருகாலத்தில் சேர்ந்து விளையாடியவர்கள். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், வந்து எங்களோடு பயிற்சி செய், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தங்குவதற்கு அப்பாவின் அக்கா வீடு இருந்தது.

மாமி வீடு நகரத்தின் மோர்னிங்சைட் பகுதியில். எனக்கு நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற். அவர்களுடைய மகன், என் மச்சான், வேறு நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படித்ததால் அவனுடைய கட்டில் சும்மா இருந்தது. தலைமாட்டில் ஒரு சின்ன யன்னல், அதற்கு வெளியே பனிக் குவியல். மார்ச் மாதக் கடைசியில் அந்தக் குவியல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, பக்கத்து வீட்டுக்காரரின் கார்ச் சில்லு தெரியத் தொடங்கியது. அதுதான் என் யன்னல் காட்சி.

மாமா கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் போர்க்லிப்ற் வண்டி ஓட்டுபவர். விடிய முன்பே போய், மத்தியானம் வந்து படுத்துவிடுவார். மாமி முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து பின்னேரம்தான் வருவார். நான் பயிற்சி முடிந்து வரும்போது வீட்டில் ஆள் இருக்கும், சத்தம் இருக்காது. மாமாவின் குறட்டை மட்டும் மேலேயிருந்து படிவழியாக இறங்கி வரும். எழுப்பக் கூடாது என்று சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போவேன்.

பயிற்சி மைதானத்திற்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரிடமும் கார் இருந்தது. பயிற்சி முடிந்த அரை மணித்தியாலத்தில் உடைமாற்றும் அறை காலியாகிவிடும். தரிப்பிடத்துக்கு நடப்பவர்கள் இரண்டே பேர். நானும், மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒருவனும். அவனும் என்னைப் போலப் பரீட்சைக்கு வந்தவன். அவனும் நடுவில் விளையாடுகிறவன். வெளிநாட்டவருக்கு அணியில் மிச்சமிருந்தது ஓர் இடம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் பஸ்ஸில் அவன் முன்னுக்கு இருப்பான், நான் பின்னுக்கு இருப்பேன். இறங்கும்போது தலையை மட்டும் ஆட்டுவோம்.

என் ஊரில் தமிழ் என்பது எங்கள் வீடும், இன்னும் சில வீடுகளும். ரொறன்ரோவில் பஸ்ஸில் ஏறினால் காதில் தமிழ் விழும். முருங்கைக்காய் என்ன விலை, மூத்தவளுக்கு எப்போது பரீட்சை, ஆர் வீட்டில் ஆர் வந்து நிற்கிறார்கள். முதல் நாட்களில் அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, எல்லோரும் கதைக்கிற ஓரிடத்தில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை என்பது தெரியத் தொடங்கியது. என் ஊரில் தனியாக இருப்பது வேறு. அங்கே கதைக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஒருநாள் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவரிடம், எனக்கு நன்றாகத் தெரிந்த தரிப்பைப் பற்றியே கேட்டேன்.

“ஐயா, மோர்னிங்சைட்டுக்கு இன்னும் எத்தினை தரிப்பு?”

அவர் என் பயிற்சி உடையைப் பார்த்தார். ஆங்கிலத்தில் பதில் சொன்னார். திரும்பவும் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

நோர்வே மொழி ஒருவரிடமும் பேசக் கிடைக்கவில்லை. மைதானத்தில் மட்டும் பதற்றத்தில் வாயில் வந்துவிடும். “பின்னால் ஆள்!” என்று நோர்வே மொழியில் கத்துவேன். ஒருவரும் திரும்பமாட்டார்கள். பந்து போய்விடும்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில், அப்பா பிறந்து வளர்ந்த ஊரின் ஆட்கள் சேர்ந்து ஒரு கழகம் வைத்திருக்கிறார்கள். கோடையில் விளையாட்டுப் போட்டி, மார்கழியில் ஒன்றுகூடல். அதற்கு மாமா தலைவர். ஆனால் ஊரவர்களிடம் அவருக்கு இருந்த மதிப்பு அதனால் வந்ததல்ல. அந்த நகரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கலியாணங்களில் கனக்கக் கலியாணம் அவர் பேசிச் செய்தவை. காசுக்கு அல்ல. இரண்டு வீட்டையும் ஒரு மேசையில் இருத்திக் கதைத்து முடிப்பதில் அவருக்கு ஒரு ருசி. முறியப் போன கதைகளைக்கூட ஒட்ட வைத்திருக்கிறார்.

என் விளையாட்டு அவருக்கு முதலில் பிடிபடவில்லை.

“என்ன மருமோன், இண்டைக்கு எத்தினை கோல்?”

“நான் கோல் அடிக்கிற ஆள் இல்லை மாமா.”

“அப்ப மறிக்கிற ஆளோ?”

“அதுவும் இல்லை. நடுவிலை நிண்டு வாங்கிக் குடுக்கிறது.”

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“அந்தப் பக்கத்திலை வாங்கி இந்தப் பக்கத்துக்குக் குடுக்கிறாய். கோல் விழுந்தால் பேர் மற்றவனுக்கு. பிழைச்சால் பேச்சு உனக்கு. அப்பிடியோ?”

“ஓம், அப்பிடித்தான்.”

“அட, இது என்ரை வேலையெல்லோ! இஞ்சை பாரப்பா,” என்று மாமியைக் கூப்பிட்டார். “உன்ரை மருமோனும் கலியாணம்தான் பேசுறான், காலாலை!”

மாமி சிரித்த சிரிப்பில் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டார். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல்.

ஐந்தாவது கிழமைத் தொடக்கத்தில் பயிற்றுநர் என்னைத் தனியே கூப்பிட்டார். எனக்கு நீ வேண்டும், ஆனால் தீர்மானிப்பது நான் மட்டுமல்ல, இயக்குநர்தான் கையெழுத்துப் போடுவார் என்றார். பிறகு, உனக்காகப் பேசுகிறவர் யார் என்று கேட்டார். முகவர் இருக்கிறாரா என்று அறிவதற்குத்தான் கேட்டார். எனக்கு முகவர் இல்லை. நோர்வேயில் எங்கள் கழகத்தில் அப்பாதான் எல்லாவற்றுக்கும் வந்து நிற்பார், ஒன்றும் விளங்காவிட்டாலும். அதனால் கொஞ்சமும் யோசிக்காமல், என் மாமா என்று சொல்லி அவருடைய போன் இலக்கத்தைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் மாமா நித்திரையால் எழும்பியபோது, இயக்குநரின் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அடுத்தநாள் காலையில் வரமுடியுமா என்று கேட்டார்கள். மாமா ஓம் என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த நிமிடமே செயலாளரையும் பொருளாளரையும் போனில் எடுத்தார். செயலாளர் வீடு விற்றுக் கொடுப்பவர், ஆங்கிலத்தில் சூரன். பொருளாளருக்கு, சாப்பாடு கட்டிக் கொடுக்கிற ஒரு ரேக் அவுட் கடை.

“வெள்ளைக்காரன் மச்சமோ சைவமோ தெரியேல்லை,” என்று மாமா போனில் சொல்வது கேட்டது. “ரோல்ஸ் ரண்டிலையும் போடு. உறைப்பைக் குறை. வெறுங்கையோடை போகேலாது.”

“தனியப் போய்க் கதைச்சிட்டு வாங்கோவன்,” என்றார் மாமி. “மூண்டு பேர் என்னத்துக்கு?”

“பெடியனுக்குப் பின்னாலை ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிய வேணும். தகப்பன் இல்லாத இடத்திலை தனியப் போனால் இளக்காரமாப் பாப்பாங்கள். உனக்கு உது விளங்காது.”

எனக்கும் விளங்கவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. ஐந்து கிழமையில் அந்த மைதானத்திற்கு எனக்கென்று ஒருவர் வந்ததில்லை. மற்றவர்களுக்கு அம்மா வருவார், காதலி வருவாள், ஒருவனுக்கு நாய்கூட வரும். செவ்வாய்க்கிழமை காலை பயிற்சியின் நடுவில், வழக்கம்போலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், உருகுகிற பனித் தண்ணீரைக் கடந்து, மூன்று கோட்காரர்கள் வரிசையாக நடந்து போனார்கள். முன்னால் மாமா. நடுவில் செயலாளர். கடைசியில் பொருளாளர், இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு, சப்பாத்து நனையாமல் எட்டி எட்டி வைத்து. மாமா மைதானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து வந்த பந்தை மெக்சிக்கோக்காரன் காலுக்குள்ளால் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பயிற்றுநர் கத்தினார். எனக்குக் கவலையே வரவில்லை.

அந்த அறைக்குள் நடந்ததை மாமா அன்று பின்னேரம் சொன்னார். அடுத்தடுத்த நாட்களிலும் சொன்னார்.

“ஆள் நல்ல மனிசன். எழும்பிக் கை தந்தவர். எங்கடை செயலாளர் விளாசினார் பார், எனக்கே பாதி விளங்கேல்லை. குடும்பம் எப்பிடி, பழக்கவழக்கம் எப்பிடி, குடி இல்லை, சிகரெற் இல்லை, படிச்ச பெடியன், எல்லாம் சொன்னம்.”

“அதெல்லாம் கேட்டவரோ மாமா?”

“கேக்காட்டிலும் சொல்ல வேணும். பிறகு நான் மெல்லமா ஒரு கல்லுப் போட்டன்.”

“என்ன கல்லு?”

“அது பெரியாக்களின்ரை கதை. நீ பந்தைப் பார்.” கதிரையில் சாய்ந்துகொண்டார். “முக்கியமான விசயம் என்னெண்டால், ரோல்ஸ் சாப்பிட்டவர். ரண்டு. குறிப்பு எழுதின பிள்ளை மூண்டு. சம்பந்தம் சரிவராத வீட்டிலை ஆரும் கை நனைக்க மாட்டினம், மருமோன். இவை கை நனைச்சிட்டினம். இனி அவை எடுப்பினம்.”

மாமா அந்தப் போனுக்காகக் காத்திருந்தார். புதன்கிழமை போன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வியாழக்கிழமை தொழிற்சாலையில் போர்க்லிப்ற்றில் இருக்கும்போது போன் அடிக்க, இறங்கி ஓடிப்போய் எடுத்திருக்கிறார். அது காப்புறுதி விற்கிற ஆள். மத்தியானம் படுக்கும்போதும் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டு படுத்தார். “ஒரு சொல் குறைச்சுச் சொல்லுவினம், நாங்கள் ஒரு சொல் கூட்டிச் சொல்லுவம், நடுவிலை வந்து நிக்கும்,” என்று மாமிக்கு விளங்கப்படுத்தினார். குறட்டை மட்டும் அந்த இரண்டு நாளும் கேட்கவில்லை. படியில் நின்று கேட்டுப் பார்த்தேன். ஆள் நித்திரை கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிய இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

சின்ன அறை. பொருளாளரின் தட்டு கழுவித் துடைக்கப்பட்டு அலுமாரிக்கு மேலே இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி முதலில் சொன்னார். ரோல்ஸ் மிகவும் நன்றாக இருந்ததென்றும் சொன்னார். பிறகு, ஜேர்மனியில் கிடைத்த வாய்ப்புக்கு வாழ்த்துகள் என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எந்த ஜேர்மனி என்று கேட்டேன்.

அவர் மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பெண் எடுத்த குறிப்பை ஒருமுறை பார்த்தார். உன் பிரதிநிதி செவ்வாய்க்கிழமை சொன்னாரே, ஜேர்மனியில் ஒரு பெரிய கிளப் உன்னைக் கேட்டு நிற்கிறது, அநேகமாக முடிந்த மாதிரி, நாங்கள் கெதியாக ஒரு முடிவு சொல்லாவிட்டால் கைவிட்டுப் போய்விடும் என்று. நாங்கள் சின்னக் கிளப். ஜேர்மனியோடு போட்டி போட எங்களால் முடியாது. உன் வழியில் நிற்கவும் விருப்பமில்லை. அதனால் புதன்கிழமை அந்த இடத்தை மற்றப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டோம்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்த மனிதரைப் போல, உண்மையாகவே முகமலர்ச்சியோடு சொன்னார்.

அப்போதுதான் மாமாவின் கல் எனக்குப் பிடிபட்டது. வேறு இடத்திலும் பேசி வருகிறார்கள். எங்கள் ஆட்கள் கலியாணம் பேசும்போது இந்த வசனம் இல்லாமல் ஒரு கதையும் முடிவதில்லை. சொல்கிறவருக்கும் அது உண்மையில்லை என்று தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கேட்கிறவர் ஒருநாள் பொறுத்து, அக்கறையில்லாதவர் மாதிரிப் போன் எடுப்பார். அங்கேயிருந்துதான் உண்மையான பேச்சுத் தொடங்கும். இந்த மனிதர் அதை அப்படியே நம்பிவிட்டார். நம்பி, மரியாதையாக ஒதுங்கிவிட்டார்.

ஜேர்மனியில் ஒருவரும் இல்லை என்று சொன்னேன். மாமா தவறாக விளங்கிக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார். அவன் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டான் என்றார். மிகவும் வருந்துகிறேன் என்றார். தட்டை எடுத்து என் கையில் தந்தார்.

தட்டோடு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். மெக்சிக்கோக்காரன் நின்றான். என் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். பஸ் வந்ததும் முன்னுக்குப் போகாமல் பின்னுக்கு வந்து உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் வைத்த தன் பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் விட்டான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் இறங்கும்போது என் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனான். அந்த நகரத்தில் என் அருகில் வேண்டுமென்றே வந்து இருந்தவன் அவன் ஒருவன்தான்.

மாமா விழித்திருந்தார். குசினி மேசையில், முன்னால் போன். மாமியும் வேலையால் வந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார். தட்டைக் கண்டதும் மாமா நிமிர்ந்தார்.

“என்னவாம்?”

“இடம் இல்லையாம் மாமா. மற்றவனுக்குக் குடுத்திட்டினமாம்.”

“குடுத்திட்டினமோ?” முன்னால் இருந்த போனைப் பார்த்தார். “ஜேர்மன்காரரைப் பற்றி ஏதும் கேட்டவையோ?”

“ஓம். கேட்டவர்.”

“நீ என்ன சொன்னனி?”

“அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னன்.”

மாமா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ மருமோன்! ஏன்ரா சொன்னனி? அதிலைதான் எல்லாம் பிழைச்சிருக்கு! வேறை இடம் இல்லை எண்டு தெரிஞ்சால் ஆர் மதிப்பான்? ‘ஓம், கதைச்சுக்கொண்டிருக்கினம்’ எண்டு ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு! பொம்பிளை பகுதி எண்டால் இவ்வளவுக்கு மூண்டு தரம் போன் எடுத்திருக்கும். நல்லா வந்துகொண்டிருந்த கதையெல்லோ!”

அவர் மேசையில் இருந்த போனை எடுத்து, பார்த்து, சட்டைப் பைக்குள் போட்டார். நான்கு நாட்களாக அந்தப் பைக்குள் அது போகவில்லை.

அவர் முகம் கழுவப் போனதும் மாமி எனக்கு முன்னால் தேத்தண்ணீரை வைத்தார்.

“மற்றப் பெடியனுக்கு எப்ப குடுத்தவையாம்?”

“புதன்கிழமை.”

“உன்னை எப்ப கூப்பிட்டுக் கேட்டவை?”

“இண்டைக்கு.”

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவை ஒருதரம் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“சரி,” என்றார். “குடி. ஆறப்போகுது.”

அதற்குப் பிறகு அந்தப் புதன்கிழமைக் கதையை மாமியும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாமா இன்றைக்கும் ஊரவர்களிடம் சொல்வதாகக் கேள்வி: நோர்வேப் பெடியன் நல்ல விளையாட்டுக்காரன், ஆனால் வாயில் ஒரு கெட்டித்தனம் இல்லை, வந்த சம்பந்தத்தை உண்மை பேசிக் கெடுத்துப்போட்டான். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அவர் இனியும் யாருக்காவது பேசப் போக வேண்டும். அந்த மேசைகளில் அவருடைய கல் இன்னும் செல்லுபடியாகும்.

நான் இப்போது ஆசிரியர் கல்லூரியில் இருக்கிறேன். பின்னேரங்களில் எங்கள் சிறு நகரத்துக் கழகத்துக்கு நடுவில் விளையாடுகிறேன். எடுக்கிற ஆட்கள் இல்லை. அதனால் பேசப் போகிற ஆட்களும் தேவையில்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கு அடுத்த சனிக்கிழமையைச் சொல்லிவிட வேண்டும். அன்று மத்தியானம் மாமா போனை மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டு, அப்பாவை எடுத்தார். அங்கே பின்னேரம். அப்பாவின் பின்னால் எங்கள் வீட்டு வானொலி கேட்டது. நோர்வே மொழியில் வானிலை அறிக்கை. அதைக் கேட்டதும் நான் போனுக்குக் கிட்டக் குனிந்தேன்.

மாமா முழுவதையும் சொன்னார். கோட், தட்டு, கை நனைத்தது, கல்லுப் போட்டது, நான் உண்மை சொன்னது.

“கோவிக்காதை மச்சான்,” என்று மாமா முடித்தார். “பெடியன் உலகம் தெரியாமல் சொல்லிப்போட்டான்.”

“அவன் படிச்ச பிள்ளை அத்தான்,” என்றார் அப்பா. “உதுகள் அவனுக்கு வராது.” கொஞ்சம் பொறுத்து, “வாற கிழமை வரட்டும். கல்லூரிக்கு எழுதிப் போடுவம்,” என்றார். ஒரு வருடம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

பிறகு அப்பாவின் குரல் மாறியது.

“அத்தான், மூண்டு பேரும் வேலையை விட்டிட்டுப் போனனீங்களோ?”

“பின்னை? ஊர்ப் பிள்ளையெல்லோ.”

“கோட் போட்டுக்கொண்டோ?”

“ஓம் மச்சான். கழுத்துப்பட்டியும் கட்டித்தான்.”

எங்கள் நகரத்து மைதானத்தில், ஒன்றும் விளங்காமல், தொழிற்சாலைச் சப்பாத்தோடு ஓரமாக நின்ற மனிதர் என் அப்பா. எனக்கென்று மூன்று பேர் கோட் போட்டுக்கொண்டு போனதை அவர் தன் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“எவ்வளவு முடிஞ்சது அத்தான்?”

“என்னது?”

“அண்டைய செலவு. பிள்ளைப் பகுதிச் செலவு எங்கடை. சொல்லுங்கோ.”

“உனக்கென்ன விசரே? நாங்கள் என்ன பிறத்தியாரே?”

“இல்லை, சொல்லுங்கோ. நான் வந்திருந்தால் நான்தானே குடுத்திருப்பன்.”

மாமா என்னைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார்.

“சொல்லுங்கோவன்,” என்றார் மாமி. “அவன் கேக்கிறான்.”

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலை மடக்கத் தொடங்கினார். மட்டன் ரோல்ஸ், மரக்கறி ரோல்ஸ், ஒரு கேக், கார் நிற்பாட்டின காசு. பொருளாளர் கடைவிலையில் குறைத்தது போக, எல்லாமாக நூற்று நாற்பத்தொரு டொலர்.